வயிற்றில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் போதுமான அளவு வளர்ந்திருக்கிறதா? ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தைக்கு நுரையீரலால் பெரிய வேலை எதுவும் இல்லை. ஆக்சிஜன் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடுகிறது. குழந்தையின் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் சுமார் 10 முதல் 20 சதவீதம்தான் நுரையீரலுக்குள் போகிறது, மீதி குறுக்குவழிகளில் உடம்புக்குத் திரும்பிவிடுகிறது. அதனால் நுரையீரல் இருக்க வேண்டிய அளவில் கால்வாசிதான் இருந்தாலும் குழந்தை நன்றாக அசையும், இதயம் சீராகத் துடிக்கும், எடையும் கூடும். தொப்புள்கொடியைக் கத்தரித்த பிறகுதான் சிக்கல் வெளியே தெரியும். அதன் பிறகு கையில் இருப்பது சில நிமிடங்கள்.

இந்த நிலையைப் பிறப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. ஓரளவு முடியும். அந்த 'ஓரளவு' எவ்வளவு, எதனால் அந்த அளவோடு நின்றுவிடுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சின்ன நுரையீரல் வேறு, முதிராத நுரையீரல் வேறு

'நுரையீரல் சரியாக வளரவில்லை' என்ற ஒரே வாக்கியத்தை இரண்டு வேறு நிலைகளுக்கும் சொல்லிவிடுகிறோம். முதலில் இதைப் பிரித்துக்கொள்ளாவிட்டால் பின்னால் வரும் எந்த எண்ணும் புரியாது.

ஒன்று, முதிராத நுரையீரல். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளிடம் காண்பது. நுரையீரல் அந்த வாரத்துக்குரிய அளவில்தான் இருக்கும், ஆனால் உள்ளே சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் போதுமான அளவு சுரந்திருக்காது. நுரையீரலின் குட்டிக் காற்றுப் பைகளான நுண்ணறைகளின் உட்சுவரில் மெல்லிய படலமாகப் படிந்து, மூச்சை வெளியே விடும்போது அவை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது இந்தப் பொருள்தான். குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத் திணறலுக்கு இதன் பற்றாக்குறைதான் காரணம் என்று 1959ல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் காட்டினார்கள். பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் வேகமாக முதிரும் என்று 1972ல் நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹோவியும் நிறுவினார்கள். இன்று பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் நேரடியாக சர்ஃபாக்டன்ட் செலுத்தவும் வழி இருக்கிறது. ஆக, இந்தப் பிரச்சினைக்கு மருந்து உண்டு.

மற்றொன்று, சின்ன நுரையீரல். இங்கே குறைவது பொருள் அல்ல, உறுப்பே. மூச்சுக்குழாய்க் கிளைகள் குறைவு, நுண்ணறைகள் குறைவு, அவற்றைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்களும் குறைவு. பத்து மாதம் நிறைந்து பிறந்தாலும் இந்தக் குறை அப்படியேதான் இருக்கும். ஸ்டீராய்டு ஊசி இல்லாத கிளையை முளைக்க வைக்காது. ஸ்கேனில் அளந்து முன்கூட்டியே சொல்லப் பார்ப்பது இந்த இரண்டாவது வகையை. ஒரே குழந்தைக்கு இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு, ஆனால் கணக்குகள் தனித்தனி.

நுரையீரல் வளர என்னென்ன வேண்டும்

கருவின் நாலாவது வாரத்தில் உணவுக்குழாய்ப் பகுதியிலிருந்து ஒரு சின்ன மொட்டு கிளம்புகிறது. அது இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரிந்து, மரம் கிளை விடுவதுபோல விட்டுக்கொண்டே போகிறது. காற்றைக் கொண்டுபோகும் குழாய்களின் கிளைப்பு ஏறக்குறைய 16, 17 வாரங்களுக்குள் முடிந்துவிடும். இந்தக் கட்டத்தில் தடை வந்தால் கிளைகளின் எண்ணிக்கை நிரந்தரமாகக் குறைந்துபோகும். 16லிருந்து 26 வாரம் வரை கிளை நுனிகளில் காற்றும் ரத்தமும் ஒன்றையொன்று சந்திக்கும் மெல்லிய சுவர்கள் உருவாகின்றன. 24 வாரத்துக்குப் பிறகு பைகள் போன்ற அறைகள், பிரசவ காலத்தை ஒட்டி உண்மையான நுண்ணறைகள். நுண்ணறைகள் கூடுவது பிறந்த பிறகும் பல வருடங்கள் தொடரும்.

இந்த வளர்ச்சி தானாக நடப்பதில்லை. மார்புக்குள் இடம் வேண்டும். நுரையீரலுக்குள் திரவ அழுத்தம் வேண்டும். மூச்சு விடுவது போன்ற அசைவும் வேண்டும்.

இடம் என்பது புரிகிறது. மற்ற இரண்டும் கொஞ்சம் வியப்பானவை. கருவின் நுரையீரல் தானே ஒரு திரவத்தைச் சுரக்கிறது. குழந்தை பனிக்குட நீரை உள்ளே இழுத்து நிரப்பிக்கொள்கிறது என்று பலரும் நினைப்பது தவறு. நுரையீரல் சுரக்கும் திரவம் தொண்டை வழியாகச் சிறிது சிறிதாக வெளியேறினாலும், குரல்வளை பெரும்பாலான நேரம் மூடியிருப்பதால் உள்ளே ஒரு மெல்லிய அழுத்தம் நிலைத்திருக்கும். அந்த அழுத்தம்தான் திசுக்களை இழுத்து விரித்து வளரத் தூண்டுகிறது. 1970களில் செம்மறி ஆட்டுக் கருக்களில் இதைச் சோதித்தார்கள். நுரையீரல் திரவத்தை வடித்துவிட்டபோது நுரையீரல் சிறுத்தது. மூச்சுக்குழாயை அடைத்து திரவம் வெளியேறாமல் தடுத்தபோது அது இயல்பைவிடப் பெரிதானது. இந்த ஆட்டுச் சோதனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு சிகிச்சையே இதிலிருந்து வருகிறது.

எங்கே தடைபடுகிறது

முக்கியமான காரணங்களை அறிந்தால் ஸ்கேனில் எதைத் தேடுகிறார்கள் என்பது விளங்கும்.

உதரவிதானத்தில் ஓட்டை. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தடுப்பு முழுதாக மூடாமல் விட்டுப்போனால் குடல், இரைப்பை, சில நேரம் கல்லீரல் எல்லாம் மார்புக்குள் ஏறி நுரையீரலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறக்கும் 2,500 முதல் 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. பெரும்பாலும் இடது பக்கம், ஐந்தில் நான்குக்கும் மேல்.

பனிக்குட நீர் இல்லாமை. 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். இரண்டு சிறுநீரகமும் இல்லாவிட்டாலோ, சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொண்டாலோ நீர் வற்றிவிடும். சிறுநீரகம் இல்லாத குழந்தைகளிடம் தட்டையான முகமும் சிறுத்த நுரையீரலும் சேர்ந்து வருவதை 1946ல் நோயியல் மருத்துவர் ஈடித் பாட்டர் விவரித்தார். அதனால்தான் அந்தத் தொகுப்புக்கு அவர் பெயர். இன்னொரு வழி, பனிக்குடம் மிகச் சீக்கிரமே உடைந்து நீர் வடிந்துபோவது. வெளியே நீர் இல்லாதபோது நுரையீரல் திரவமும் எளிதாக வெளியே கசிந்துவிடுகிறது, கருப்பையும் குழந்தையின் மார்பை அழுத்துகிறது.

மார்புக்கூடே சிறுத்துப்போவது மூன்றாவது. சில எலும்பு வளர்ச்சிக் கோளாறுகளில் விலா எலும்புகள் குட்டையாகி, மார்பு மணி வடிவத்தில் குறுகிவிடும். இவை தவிர நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வது, நுரையீரலுக்குள்ளேயே கட்டி வளர்வது, மூச்சசைவே இல்லாத நரம்புத்தசை நோய்கள் என்று இன்னும் சில உண்டு.

காற்று இல்லாததால் தெரிகிறது

பெரியவர்களின் நுரையீரலை அல்ட்ராசவுண்டில் உறுப்பாக முழுதாகப் பார்க்க முடியாது. ஒலி அலை காற்றைத் தொட்டதும் அநேகமாக முழுவதும் திரும்பிவிடும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. வயிற்றின் மேல் ஜெல் தடவுவதும் ஒலி அலையை அனுப்பி வாங்கும் ப்ரோபுக்கும் தோலுக்கும் நடுவே காற்று நுழையக் கூடாது என்பதற்காகத்தான்.

கருவின் நுரையீரலில் காற்று கிடையாது, திரவம்தான். ஒலி தடையில்லாமல் உள்ளே போய், திசுவின் ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் எதிரொலித்துத் திரும்பும். மென்திசுவில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 1,540 மீட்டர். போய்த் திரும்ப எடுத்த நேரத்தை வைத்துக் கருவி ஆழத்தைக் கணக்கிட்டு படமாக்குகிறது. 1958ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவரோடு பணியாற்றியவர்களும் மகப்பேறு மருத்துவத்தில் இதன் பயனை எழுதி வெளியிட்டபோது கிடைத்த படங்களில் கருவின் தலையைக் காண்பதே பெரிய விஷயம். இன்று இதயத்தின் நான்கு அறைகளும் அதன் இரண்டு பக்கமும் நுரையீரலும் தெளிவாகத் தெரிகின்றன.

தடைகள் இல்லாமல் இல்லை. மாதம் ஏற ஏற விலா எலும்புகள் கெட்டிப்பட்டு நுரையீரலின் மேல் கறுப்பு நிழல் போடும். குழந்தை முதுகைக் காட்டிப் படுத்திருந்தால் கோணம் கிடைக்காது. எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு. பனிக்குட நீர்தான் படத்தைத் தெளிவாக்குகிறது. ஆனால் நீர் வற்றிய குழந்தைக்குத்தான் நுரையீரலை அளக்க வேண்டிய தேவையே அதிகம். மிகவும் தேவைப்படும் நேரத்தில் படம் மங்கலாக வருகிறது.

தலையை வைத்து நுரையீரலை அளப்பது

இப்போது அளவுக்கு வருவோம். உதரவிதான ஓட்டையில் பயன்படுத்தும் கணக்கை விரிவாகப் பார்த்தால் மற்றதெல்லாம் எளிது.

இடது பக்க ஓட்டை என்று வைத்துக்கொள்வோம். இடது நுரையீரல் குடலுக்கு அடியில் நசுங்கி, பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. அதனால் வலது நுரையீரலை அளக்கிறார்கள். குழந்தையின் மார்பைக் குறுக்காக வெட்டியதுபோல ஒரு படம் எடுப்பார்கள், அதில் இதயத்தின் நான்கு அறைகளும் தெரிய வேண்டும். அந்த மட்டத்தில் வலது நுரையீரலின் மிக நீளமான அளவையும், அதற்குச் செங்குத்தான அகலத்தையும் மில்லிமீட்டரில் அளந்து பெருக்குவார்கள். இன்னொரு வழி, நுரையீரலின் ஓரத்தைச் சுற்றிக் கோடு வரைந்து பரப்பைக் கருவியே கணக்கிடுவது. இந்த எண்ணைக் குழந்தையின் தலைச்சுற்றளவால் வகுத்தால் கிடைப்பதுதான் நுரையீரல்-தலை விகிதம். ரிப்போர்ட்டில் எல்ஹெச்ஆர் என்ற மூன்று எழுத்துகளில் இருக்கும்.

ஏன் தலை? பெரிய உடம்புள்ள குழந்தைக்கு நுரையீரலும் பெரிதாகத்தான் இருக்கும், ஆகவே ஒப்பிட ஒரு அளவு வேண்டும். மார்புக்குள் என்ன குழப்பம் நடந்தாலும் தலை பெரும்பாலும் இயல்பாக வளரும் என்பதால் தலையை எடுத்துக்கொண்டார்கள். 1996ல் சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவர்கள் இந்த விகிதத்தை முன்வைத்தார்கள். 1க்குக் கீழே என்றால் கவலைக்கிடம், 1.4க்கு மேலே என்றால் நம்பிக்கை என்று சில காலம் எல்லா இடத்திலும் பேசிக்கொண்டார்கள்.

அதில் ஒரு கோளாறு இருந்தது. நுரையீரலும் தலையும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. 12லிருந்து 32 வாரத்துக்குள் நுரையீரலின் குறுக்குப் பரப்பு சுமார் 16 மடங்கு கூடுகிறது, தலைச்சுற்றளவு 4 மடங்குதான் கூடுகிறது. ஆக இந்த விகிதம், எந்த நோயும் இல்லாத குழந்தைக்குமே, அந்தக் காலத்தில் நான்கு மடங்கு ஏறும். அப்படியென்றால் 1 என்ற எண்ணுக்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை, எந்த வாரத்தில் 1 என்பதுதான் கேள்வி.

இதற்குத் தீர்வாக, அளந்து கிடைத்த விகிதத்தை அதே வாரத்தில் இயல்பான குழந்தைக்கு எதிர்பார்க்கும் விகிதத்தோடு ஒப்பிட்டு சதவீதமாகச் சொல்லும் முறை வந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 26 வாரக் குழந்தை, வலது நுரையீரல் 20 மி.மீ நீளம், 12 மி.மீ அகலம். பெருக்கினால் 240. தலைச்சுற்றளவும் 240 மி.மீ. விகிதம் சரியாக 1. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கும் முறையில் 26 வாரத்தில் இயல்பாக எதிர்பார்ப்பது ஏறக்குறைய 3.7. எனவே இந்தக் குழந்தையிடம் இருப்பது 27 சதவீதம். இதே 1 என்ற விகிதம் 20 வாரத்தில் வந்திருந்தால், அப்போது எதிர்பார்ப்பது சுமார் 2.6தான், ஆகவே 38 சதவீதம். 32 வாரத்தில் வந்திருந்தால் எதிர்பார்ப்பது சுமார் 4.4, அதாவது 23 சதவீதம். ஒரே எண், மூன்று வேறு குழந்தைகள்.

இடது பக்க ஓட்டையில் இந்தச் சதவீதம் 25க்குக் கீழே போனால் கடுமையான நிலை என்றும், 25 முதல் 35 வரை நடுத்தரம் என்றும், 45ஐத் தாண்டினால் லேசானது என்றும் வகைப்படுத்துகிறார்கள். 35க்கும் 45க்கும் நடுவில் விழுந்தால் கல்லீரலைப் பார்ப்பார்கள். அது மார்புக்குள் ஏறியிருந்தால் நடுத்தரப் பட்டியலுக்குப் போகும். கல்லீரலும் நுரையீரலும் ஸ்கேனில் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறத்தில் தெரிவதால் கண்ணால் பிரிப்பது கஷ்டம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் போட்டு கல்லீரலின் ரத்தக்குழாய்கள் எந்தப் பக்கம் வளைந்து போகின்றன என்று பார்த்துக் கண்டுபிடிப்பார்கள்.

ஒரு விஷயம் எனக்கு எப்போதும் உறுத்தும். மேலே சொன்ன 26 வாரக் குழந்தைக்கே, அளப்பவர் இரண்டு கோடுகளையும் 2 மி.மீ தாராளமாக இழுத்துவிட்டார் என்று வையுங்கள். 22 பெருக்கல் 14, அதாவது 308. விகிதம் 1.28 ஆகி, சதவீதம் 27லிருந்து 35ஐத் தொட்டுவிடும். இரண்டு மில்லிமீட்டரில் ஒரு குடும்பத்திடம் சொல்லும் செய்தியே மாறிப்போகிறது. அதனால்தான் நல்ல மையங்களில் ஒரே நாளில் பல முறை அளக்கிறார்கள், சில வாரம் கழித்து மறுபடியும் அளக்கிறார்கள். எந்த முறையில் அளந்தார்களோ அந்த முறைக்கான எதிர்பார்ப்பு அட்டவணையோடுதான் ஒப்பிட வேண்டும். கோடு வரைந்து எடுத்த பரப்பை, பெருக்கிய பரப்புக்கான அட்டவணையோடு ஒப்பிட்டால் கிடைப்பது வெறும் பிழை.

கணிப்பு சிகிச்சையாக மாறிய இடம்

செம்மறி ஆட்டுச் சோதனை இங்கே திரும்பி வருகிறது. மூச்சுக்குழாயை அடைத்தால் திரவம் தேங்கி நுரையீரல் விரியும் அல்லவா? கடுமையான நிலையில் இருக்கும் கருவின் மூச்சுக்குழாய்க்குள், தாயின் வயிற்றில் சின்னத் துளை போட்டு நுழைக்கும் மெல்லிய குழாய்க் கேமரா வழியாக ஒரு குட்டி பலூனை வைத்து அடைக்கிறார்கள். கடுமையான நிலையில் 27 முதல் 29 வாரங்களில் வைத்து, 34 வாரத்தில் எடுத்துவிடுவார்கள்.

பல நாடுகளின் மையங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2021ல் வந்தது. கடுமையான இடது பக்க நோயில், பலூன் வைத்த குழந்தைகளில் 40 சதவீதம் உயிரோடு வீடு திரும்பின, வைக்காதவர்களில் 15 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் 37 வாரத்துக்கு முன்பே பிரசவமானது பலூன் பிரிவில் 75 சதவீதம், மற்ற பிரிவில் 29 சதவீதம். நடுத்தர நோயில் பலூன் வைத்தவர்களில் 63 சதவீதம், வைக்காதவர்களில் 50 சதவீதம் பிழைத்தார்கள் என்று கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்ளேயே நின்றது.

யாருக்கு பலூன், யாருக்கு வேண்டாம் என்று பிரித்தது எது? அந்த 25 சதவீதக் கோடுதான். ஒரு ஸ்கேன் அளவு வெறும் முன்னறிவிப்பாக இல்லாமல், சிகிச்சை உண்டா இல்லையா என்பதை முடிவுசெய்யும் அளவுகோலாக ஆனது இங்கேதான். இரண்டு மில்லிமீட்டர் விஷயத்தில் நான் இவ்வளவு அலட்டிக்கொண்டதும் இதனால்தான்.

ஓட்டை இல்லாத மற்ற காரணங்களில்

நீர் வற்றிய குழந்தைகளில் இந்த விகிதத்துக்கு அவ்வளவு மதிப்பு இல்லை. பனிக்குடம் சீக்கிரம் உடைந்த நிலையில் எந்த வாரத்தில் உடைந்தது என்பதே பெரும்பாலும் நுரையீரல் அளவைவிட நல்ல குறியாக இருக்கிறது. 20 வாரத்துக்கு முன்பு உடைந்தால் ஆபத்து அதிகம். 24 வாரத்தைத் தாண்டி உடைந்தால் நுரையீரல் உயிருக்கே ஆபத்தாகச் சிறுத்துப்போவது அரிது, அதற்குள் முக்கியக் கிளைகளும் சுவர்களும் உருவாகிவிட்டிருக்கும். அதற்கு அடுத்தபடி, மிச்சமுள்ள நீர் எவ்வளவு, எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். நீர் தேங்கியிருக்கும் மிக ஆழமான இடமே 2 செ.மீக்குக் குறைவு என்றால் நீர் குறைவு என்று கொள்வது வழக்கம்.

எலும்புக் கோளாறுகளில் நுரையீரலை விட்டுவிட்டு அது இருக்கும் கூட்டை அளக்கிறார்கள். மார்புச் சுற்றளவை வயிற்றுச் சுற்றளவால் வகுத்தால் இயல்பான குழந்தைக்கு 0.9ஐ ஒட்டி வரும். நல்ல வேளையாக இது வாரத்துக்கு வாரம் அதிகம் மாறுவதில்லை. 0.6க்குக் கீழே போனால் பிழைப்பது கடினம். தொடை எலும்பின் நீளத்தை வயிற்றுச் சுற்றளவால் வகுத்து 0.16க்குக் கீழே வந்தாலும் அப்படித்தான்.

நுரையீரலுக்குள் கட்டி என்றால் கணக்கே திசை மாறுகிறது. கட்டியின் கன அளவைத் தலைச்சுற்றளவால் வகுத்து 1.6ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பது நுரையீரல் போதுமா என்பதற்காக அல்ல. கட்டி இதயத்தை அழுத்தி, குழந்தையின் உடம்பெங்கும் நீர் கோத்துக்கொள்ளும் அபாயத்தை அறியத்தான்.

அளவு மட்டும் போதாது

இதுவரை பார்த்ததெல்லாம் எவ்வளவு பெரியது என்ற ஒரே கேள்விக்கான பதில்கள். பிறந்த பிறகு நுரையீரல் எப்படி வேலை செய்யும் என்பது இன்னொரு கேள்வி. சின்ன நுரையீரல்களில் ரத்தக்குழாய்களும் குறைவாக இருக்கும், இருப்பவற்றின் சுவர் தடித்து இறுகியிருக்கும். பிறந்ததும் தளர்ந்து ரத்தத்தை உள்ளே விட வேண்டிய குழாய்கள் தளர மறுத்தால் காற்று போயும் பயனில்லை. உதரவிதான ஓட்டையோடு பிறக்கும் குழந்தைகளை முதல் நாட்களில் மிரட்டுவது பெரும்பாலும் நுரையீரல் ரத்தக்குழாய்களில் இப்படி ஏறும் உயர் ரத்த அழுத்தம்தான். ஒரே சதவீதம் உள்ள இரண்டு குழந்தைகளில் ஒன்று வென்டிலேட்டரிலிருந்து சீக்கிரம் வெளியே வருவதும் மற்றது திண்டாடுவதும் இதனாலும்தான்.

இதைத் தெரிந்துகொள்ள டாப்ளரில் நுரையீரல் தமனியின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறார்கள். ஒரு சுவாரசியமான சோதனையும் உண்டு. தாய்க்கு முகமூடி வழியாகச் சற்று நேரம் கூடுதல் ஆக்சிஜன் கொடுத்துவிட்டு, குழந்தையின் நுரையீரல் தமனி தளர்கிறதா என்று கவனிப்பது. 31 வாரத்துக்கு மேல் இயல்பான குழந்தைக்கு அது தளரும். உடலியல்படி அழகான யோசனை, ஆனால் அன்றாட முடிவுகளை இதை நம்பி எடுக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை என்பதே என் கணிப்பு.

எம்ஆர்ஐ இன்னொரு வழி. ஒரு குறுக்குப் பரப்பை மட்டும் பார்க்காமல் இரண்டு நுரையீரலின் முழுக் கன அளவையும் சேர்த்துத் தரும். பனிக்குட நீர் வற்றியிருந்தாலும், விலா எலும்பின் நிழல் இருந்தாலும் அதற்குப் பெரிய தடையில்லை. கல்லீரலும் நுரையீரலும் பளிச்சென்று தனித்தனியாகத் தெரியும். ஆனாலும் முதலில் வருவது அல்ட்ராசவுண்ட்தான், எளிதில் கிடைக்கிறது, திரும்பத் திரும்ப எடுக்கலாம். எம்ஆர்ஐயும் அளவைத்தான் சொல்கிறது, செயலை அல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

'கணிப்பு' என்றால் எவ்வளவு நம்பலாம்

ஒரு கற்பனைச் சோதனை. உண்மையிலேயே நுரையீரல் சிறுத்த 100 குழந்தைகளில் 80ஐப் பிடித்துவிடும், நன்றாக இருக்கும் 100 குழந்தைகளில் 10ஐ மட்டும் தவறாகக் குற்றஞ்சாட்டும். கேட்க நல்ல சோதனையாகத்தான் இருக்கிறது.

மிக ஆபத்தான பிரிவில், பாதிப் பேருக்கு இந்தக் குறை உள்ள 1,000 குழந்தைகளிடம் இதைச் செய்கிறோம். 500 பேரில் 400ஐப் பிடிக்கும், மற்ற 500 பேரில் 50ஐத் தவறாகச் சொல்லும். 'சிறுத்திருக்கிறது' என்று வந்த 450ல் 400 உண்மை. இதே சோதனையை 100ல் 5 பேருக்கு மட்டும் குறை உள்ள 1,000 குழந்தைகளிடம் செய்தால்? 50 பேரில் 40ஐப் பிடிக்கும், 950 பேரில் 95ஐத் தவறாகச் சொல்லும். 135ல் 40தான் உண்மை. கருவி மாறவில்லை, அளப்பவர் மாறவில்லை, ஆனால் ரிப்போர்ட்டின் நம்பகம் பத்தில் ஒன்பதிலிருந்து மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. எந்தக் காரணத்தால் அளக்கிறோம் என்பது எண்ணைவிட ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கணிப்பு சரியா என்று எதை வைத்துச் சரிபார்ப்பது? இறந்துபோன குழந்தையில் நுரையீரலின் எடையை உடல் எடையோடு ஒப்பிடலாம். 28 வாரத்துக்குப் பிறகு அது 1.2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சிறுத்த நுரையீரல் என்று நோயியல் மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பிழைத்த குழந்தையிடம் அப்படி எடை போட முடியாதே. அதனால் சில ஆய்வுகள் உயிர் பிழைத்ததா என்று பார்க்கின்றன, சில வென்டிலேட்டர் எத்தனை நாள் தேவைப்பட்டது என்று பார்க்கின்றன. அளவுகோல் வேறுவேறாக இருப்பதால், ஒரு ஆய்வின் 'இத்தனை சதவீதம் துல்லியம்' என்பதை இன்னொன்றோடு நேராக ஒப்பிட முடியாது. தவிர, பிழைப்பது என்பது பிறக்கும் இடத்தையும் பொறுத்தது. தேர்ந்த பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும், குழந்தை அறுவை சிகிச்சை நிபுணரும் அருகில் இருந்தால் அதே 27 சதவீதத்துக்கு வேறு பலன்.

ரிப்போர்ட் கையில் வந்தால்

இப்படி ஒரு ரிப்போர்ட்டோடு மருத்துவர் முன் உட்கார நேர்ந்தால் முதலில் கேட்க வேண்டியது காரணம் என்ன என்பதுதான். ஓட்டையா, நீர் குறைவா, எலும்பா, எதுவுமே தெரியாமல் மார்பு மட்டும் சிறிதாக இருக்கிறதா. அப்புறம் அளவு எந்த வாரத்தில் எடுத்தது, அந்த வாரம் எப்படிக் கணக்கிட்டது. முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் இருந்தால் அதை வைத்துக் கணக்கிட்ட வாரம்தான் நம்பகமானது. வாரம் இரண்டு தவறினால் எதிர்பார்க்கும் அளவே தவறிவிடும். ரிப்போர்ட்டில் வெறும் விகிதம் மட்டும் இருந்தால், எதிர்பார்க்கும் அளவில் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். கல்லீரல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மறுபடி எப்போது அளப்பார்கள் என்றும் கேளுங்கள்.

உடன் வேறு குறைகள் இருக்கின்றனவா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். இதயக் கோளாறோ மரபணுக் கோளாறோ சேர்ந்திருந்தால் நுரையீரல் சதவீதத்தை மட்டும் பார்த்துப் பேசுவதில் பொருள் இல்லை. அதனால்தான் உதரவிதான ஓட்டை தெரிந்ததும் கருவின் இதயத்துக்குத் தனி ஸ்கேனும், பனிக்குட நீரில் மரபணுப் பரிசோதனையும் செய்துகொள்ளச் சொல்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் பதில் வந்த பிறகு மீதி இருப்பது நடைமுறைக் கேள்விகள்: பிரசவம் எந்த மருத்துவமனையில், எந்த வாரத்தில், பிறந்த உடனே அறையில் யார் யார் இருப்பார்கள். உதரவிதான ஓட்டை உள்ள குழந்தை பிறந்ததும் முகமூடி வைத்துக் காற்றை அழுத்துவதைத் தவிர்ப்பார்கள், காற்று இரைப்பைக்குள் போய் மார்பில் இருக்கும் குடலை உப்ப வைத்து மிச்ச நுரையீரலையும் நெருக்கிவிடும். நேராக மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடுவார்கள், இரைப்பைக்கு ஒரு தனிக் குழாய் போட்டுக் காற்றை வெளியேற்றுவார்கள். இதைச் செய்யத் தெரிந்தவர் அந்த அறையில் தயாராக நிற்க வேண்டுமென்றால், ஸ்கேன் அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.